சீன முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வோம்



சிவப்புக் கயிற்றில் பின்னிய அலங்காரத் தொங்கல்களைக் கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சீனர்கள் புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் தொங்கவிடுகிறவை அவை. சீனா நமக்குத் தூரத்து ஊர் அல்ல. 1824இல் அங்கிருந்து வந்த தேயிலைச் செடியை நம் பக்கத்துப் பேராதனைப் பூங்காவில்தான் நட்டார்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தோட்டம் போட்டது அதற்குப் பிறகு, 1867இல்.

பெரிய தொங்கல்களை ஒரே நாளில் பழக முடியாது. அவற்றின் அடிப்படை முடிச்சுகளில் ஒன்றான தட்டை முடிச்சைப் பார்ப்போம். சாவியில் மாட்ட இது போதும்.

அரை மீற்றர் கயிறு ஒன்றை இரண்டாக மடித்து ஆணியில் மாட்டுங்கள். இது நடுக்கயிறு. ஒன்றரை மீற்றர் கயிற்றின் நடுப்பகுதியை அதன் பின்னால் வைத்து, இரு முனைகளையும் இடமும் வலமுமாக விடுங்கள். இடது முனையில் கொஞ்சம் மை தடவுங்கள்.

மை முனையை நடுக்கயிற்றுக்கு முன்னால் வலப்பக்கம் கொண்டு போங்கள். இடப்பக்கம் ஒரு வளையம் நிற்கும். வலது முனையை மை முனைக்கு மேலே போட்டு, நடுக்கயிற்றின் பின்னால் கொண்டுபோய், அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து இழுங்கள். பாதி முடிந்தது. இப்போது மை முனை வலப்பக்கம் இருக்கும். அதே வேலையை அங்கிருந்து இடப்பக்கமாகச் செய்யுங்கள். இப்படியே மாறி மாறிப் போட்டால் சுமார் 15 சென்டிமீற்றர் வரும்.

தாய்மார் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பாட்டி, "ஐயா, எனக்கு மட்டும் முறுக்கிக்கிட்டே போகுதே!" என்றார். பார்த்தால், ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கியிருக்கிறார். மை முனை எப்போதும் முன்னால்தான் போக வேண்டும், பின்னால் போனால் பிழை. பாட்டியின் முறுக்கும் அழகாகத்தான் இருந்தது, அவிழ்க்க விடவில்லை.

விளையாட்டு என்று நினைக்காதீங்க. கையில் அடிபட்டவருக்குத் துணித்தொங்கல் கட்டும்போது, முதலுதவியில் இரு முனைகளையும் இதே மாதிரி பக்கம் மாற்றித்தான் முடிவார்கள். தட்டையாகப் படியும், உறுத்தாது, அவிழ்ப்பதும் லேசு. ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும்.

ஆனால் பிள்ளைத் தொட்டிலை இந்த முடிச்சை நம்பிக் கட்டவே வேண்டாம், பாரத்தில் கழன்றுவிடும். கைக்குழந்தைகளின் கழுத்திலும் இதைப் போடாதீர்கள். நைலோன் கயிறானால் முனையை நெருப்பில் லேசாக உருக்கி விடுங்கள், பருத்தியானால் பசை போதும்.