பிள்ளைக்குப் போன் வேண்டும்; திரை வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு நாலு மணிக்கு வந்துவிடுவான். நான் ஆபீஸிலிருந்து திரும்ப ஆறரை ஆகும். அதுவரை என் மாமியார் துணை. கரூரில் இருக்கும் அம்மிச்சியோடும் பக்கத்துத் தெரு நண்பனோடும் அவன் பேச ஆசைப்படுகிறான். ஸ்மார்ட்போன் தர எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே வைஃபையில் இயங்கும் பழைய பாணி போன் வந்திருக்கிறதாமே? வரவழைக்கலாமா, அல்லது நாமே அமைத்துக்கொள்ள முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: நாமே அமைத்துக்கொள்ளலாம் சகோதரி. நீங்கள் சொல்வது சியாட்டல் நிறுவனம் ஒன்றின் 'டின் கேன்'. ரிசீவரும் பட்டன்களும் உண்டு, திரை கிடையாது. பெற்றோர் அனுமதித்த எண்களோடு மட்டுமே பேசலாம். யோசனை அருமையானது. ஆனால் அதன் சேவை அந்நாட்டு எண்களையும் 911 அவசர அழைப்பையும் ஒட்டியது, நமக்கு ஒத்துவராது.

முதலில் உங்கள் வீட்டு ஃபைபர் மோடத்தைத் திருப்பிப் பாருங்கள். லேன் ஒயர் செருகும் துளைகளுக்குப் பக்கத்தில், அவற்றைவிடக் குறுகலாக, 'போன்' என்றோ 'டெல்' என்றோ எழுதிய துளை ஒன்று இருக்கக்கூடும். ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் தரைவழி எண்ணும் சேர்ந்தே வருகிறது. பலர் கேட்டு வாங்குவதில்லை. அந்த எண்ணைச் செயல்படுத்தச் சொல்லுங்கள். பரணில் கிடக்கும் பழைய பட்டன் வைத்த தரைவழி போனை அந்தத் துளையில் செருகுங்கள். போனின் பக்கவாட்டில் 'டி', 'பி' என்ற சின்ன ஸ்விட்ச் இருந்தால் 'டி'-யில், அதாவது டோனில், வையுங்கள். டயல் டோன் கேட்டால் வேலை முடிந்தது.

தெரியாதவர் யாரும் அழைக்கவே கூடாது என்றால் இன்னொரு வழி உண்டு. ஏ.டி.ஏ. என்ற சிறு பெட்டி சாதாரண போனை இன்டர்நெட்டோடு இணைக்கும். ராஸ்பெரி பை கணினியில் 'ஆஸ்டரிஸ்க்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அதுவே உங்கள் எக்ஸ்சேஞ்ச். 11 அழுத்தினால் அம்மிச்சி, 12 அழுத்தினால் நண்பன். வேறு அழைப்பு போகாது, வராது. ஆனால் மூன்று வீட்டிலும் பெட்டி வேண்டும். நெட்வொர்க் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும். கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும். இந்தத் தனி இணைப்பிலிருந்து 112-க்குப் பேச முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த வழியானாலும் கரண்ட் போனால் மோடத்தோடு போனும் அடங்கிவிடும். பழைய செம்புக்கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இதற்கு அப்படி இல்லை. மோடத்துக்குச் சிறிய யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். மாமியாரின் செல்போன் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 112, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் மகன் மனப்பாடம் செய்யட்டும்.

உங்களுக்கு முதல் வழியே போதும். போனை ஹாலில் வையுங்கள். அம்மிச்சி எண்ணையும் நண்பன் வீட்டு எண்ணையும் அவன் கையாலேயே அட்டையில் எழுதி ஒட்டட்டும். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தி, எடுப்பவரிடம் "ஆன்ட்டி, அவன் இருக்கானா?" என்று மரியாதையாகக் கேட்கப் பழகுவது இந்த வயதுக்கு நல்ல பாடம்.

மறுமுனையிலும் ஒரு போன் வேண்டுமே! இன்றே அந்த நண்பனின் அம்மாவிடம் பேசுங்கள். அவர்கள் வீட்டு மோடத்தையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.