கணினியை எழுப்பும் குறுந்தகடு

கிள்ளானில் நமக்குப் பழக்கமான மளிகைக் கடையொன்றில் பழைய கணினி ஒருநாள் காலை எழும்ப மறுத்துவிட்டது. ஏழு வருஷத்துப் பற்றுவரவு அதற்குள் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றலாம் என்றார் பழுது பார்ப்பவர். முதலாளி சம்மதிக்கவில்லை. அவருடைய மருமகன் நாப்பிக்ஸ் என்னும் மீட்புத் தகட்டின் பிம்பக் கோப்பை இறக்கிக் குறுந்தகட்டில் நகலெடுத்துப் போட்டார். மூன்று தகடுகள் வீணானதே மிச்சம்!

ஐ.எஸ்.ஓ. என முடியும் அக்கோப்பு ஒரு முழுத் தகட்டின் அச்சு. அதை அப்படியே நகலெடுப்பது, சரக்கு மூட்டையைப் பிரிக்காமல் கடையில் கிடத்துவது போலாகும். எழும்பும் கணினி, தகட்டில் சுழி முதல் எண்ணி 17ஆம் பகுதியைப் பார்க்கும். துவக்கக் குறிப்பு இருக்குமிடம் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். 1995-ல் ஐ.பி.எம்., பீனிக்ஸ் கம்பெனியார் வகுத்த ஏற்பாடு இது. எல் டொரிட்டோ என்ற அதன் பெயர் ஓர் உணவகத்தின் பெயராம்!

ஆகவே பிம்பத்தைப் பிம்பமாகவே எரிக்க வேண்டும். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி கூடவே வருகிறது. எரித்த தகட்டைத் திறந்தால் பல கோப்புகள் தென்பட வேண்டும், ஐ.எஸ்.ஓ. கோப்பு ஒன்றே தெரிந்தால் தவறு. 700 மெகாபைட்டுக்கு மேற்பட்டதற்கு டி.வி.டி. வேண்டும்.

நாம் நான்காவது தகட்டை இம்முறையில் எரித்து, முதலில் தகட்டிலிருந்தே துவங்குமாறு கணினியின் அமைப்பை மாற்றினோம். நாப்பிக்ஸ் வன்தட்டைத் தொடாமல் எழும்பிற்று. லுஹருக்கு முன் பேரேடு முழுவதும் பென் டிரைவில் வந்து சேர்ந்தது.