காலின் தொழிலை அளக்குமாறு

நோய் தீர்ந்ததோ என வினவுதல் மருத்துவரின் முதற் கடமை. தீர்ந்த பின் நோயாளர் எங்ஙனம் வாழ்கின்றார் என வினவுதல் அடுத்த கடமை. பின்னதற்கு உரிய அளவைகளைக் காலில் தோன்றும் சார்க்கோமா என்னும் புற்றுநோயை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம்.

எலும்பு, தசை, கொழுப்பு முதலியவற்றில் தோன்றும் புற்று சார்க்கோமா எனப்படும். எலும்பில் தோன்றும் ஒருவகை பெரும்பாலும் இளைஞரையே பற்றும். முழங்காலை அடுத்த பகுதியே அதற்குப் பேரிடம். கனடா நாட்டு டெரி ஃபாக்ஸ் என்பார் 1977-இல், தம் பதினெட்டாம் வயதில், இந்நோயால் வலக்காலை இழந்தார். 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலிற் பரவவே, 1981-இல் இறந்தார். அந்நாளில் காலை நீக்குதலே பெருவழக்கு. பின்னர் மருந்தும் அறுவையும் வளர்ந்தமையால், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, உலோக மூட்டுப் பொருத்திக் காலைக் காக்கும் முறை பெருகிற்று. காத்த கால் எத்துணைப் பயன்படும் என்னும் வினாவுக்கு விடை காண அளவை வேண்டியதாயிற்று.

1993-இல் வெளியான ஓர் அளவையில் நோவு, செயல், மனநிறைவு, ஊன்றுகோல், நடக்கும் ஆற்றல், நடையின் இயல்பு என ஆறு கூறுகள் உள. ஒவ்வொன்றுக்கும் 5 வரை மதிப்பெண், மொத்தம் 30. இதனை இடுபவர் மருத்துவர். ஆனால் மருத்துவர் காண்பது மருத்துவசாலையில் நடக்கும் சில அடிகளையே. இல்லத்துப் படிக்கட்டினை அறிந்தவர் நோயாளரே.

இக்குறையை நோக்கி 1996-இல் டொரொண்டோ நகரத்து அறிஞர் 30 வினாக்கள் கொண்ட அளவை ஒன்றை வெளியிட்டனர். காலுறை அணிதல், மாடி ஏறுதல், மண்டியிடுதல், தோட்ட வேலை செய்தல் முதலியன எத்துணை அரியன என்பதை நோயாளரே 1 முதல் 5 வரை குறிப்பர். இயலாதது 1, சிறிதும் அருமையின்றி இயல்வது 5. தமக்குப் பொருந்தா வினாவை விலக்கிவிடலாம். சான்றாக, இரண்டை விலக்கி 28 வினாக்களுக்கு 112 பெற்றார் ஒருவர் என்க. மிகச் சிறிய தொகை 28, மிகப் பெரியது 140, இடைவெளி 112. அவர் 28-க்கு மேற் பெற்றது 84. ஆகவே அவர் அளவு நூற்றுக்கு 75.

இனி, நாற்காலியினின்று எழுந்து மூன்று மீட்டர் நடந்து மீண்டு அமரும் நேரத்தைக் கணிக்கும் சோதனையும் உண்டு. இது விரைவைக் காட்டும். வாழ்க்கையின் அருமையைக் காட்டாது. ஆகலின் ஓர் அளவை மற்றொன்றன் இடத்தை நிரப்பாது.

மொழி பயிலும் நமக்கும் இதிற் பணியுண்டு. தரையில் அமர்ந்து உண்பாரிடத்துக் குளியல் தொட்டியில் இறங்குதலை வினவிப் பயன் என்னை? இத்தகைய வினாநிரலை மொழிபெயர்ப்போர் சொல்லோடு வாழ்வையும் நோக்குதல் வேண்டும். காலை நீக்குவதா, காப்பதா எனத் துணியவேண்டிய இளைஞர்க்கு, முன்னர் அவ்வழிச் சென்றோர் உரைத்த விடைகளே துணையாம். வினா பிழைப்பின் அத்துணையும் பிழைபடும் என்பது யாம் கண்ட முடிபு.