கதிர்காம வழிநடையும் ஆற்றுணாவும்

'ஆறு' என்னுஞ் சொல் நதியையுங் குறிக்கும், வழியையுங் குறிக்கும். வழிச்செல்வோர் உடன்கொண்டு செல்லும் உணவை 'ஆற்றுணா' என்றனர் முன்னோர். வகுப்பறையிற் பல்லாண்டு இச்சொல்லைக் கற்பித்த யான், அதன் பொருளை உள்ளவாறு உணர்ந்தது கதிர்காமக் காட்டிலேயாம்.

செல்வச்சந்நிதியிற் புறப்படும் பாதயாத்திரை அடியார்கள் முல்லைத்தீவு வழியாக நம் நகரை அடைந்து, கோணேசப் பெருமானை வணங்கி, கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என நடந்து உகந்தையை அடைவர். முன்னாளிற் கிண்ணியாவிலே பாதையேறிக் கடக்க வேண்டியிருந்தது. 2009இற் பாலந் திறக்கப்பட்டது. (நீரைக் கடக்கும் மிதவைக்கும் எம்மவர் 'பாதை' என்றே பெயரிட்டமையை மாணவர் நோக்குக.)

உகந்தை வரை ஊர்தோறுங் கோயிலுண்டு, அன்னதானமுண்டு. ஆதலின் அதுவரை உணவைச் சுமத்தல் வீண். மாற்றுடை ஒன்று, செம்பு, சிறுகத்தி, தும்புக்கயிறு, மருந்து, ஒரு சாரம் இவை போதும். சாரம் ஒன்றே விரிப்பாம், போர்வையாம், தோளிற் கட்டும் பொட்டளியுமாம்.

உகந்தைக்கு அப்பால் குமணை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை எனக் காடே காடு. கடையில்லை. கீழ்மாகாணத்துக்கு மாரிமழை ஐப்பசிக்குப் பின்னரே. ஆடிமாதத்திற் கச்சான் காற்று ஓடைகளை வற்றச்செய்துவிடும். அங்கே நாலைந்து நாளுக்கு அவலும் அரிசியும் வேண்டும். அவற்றினும் மேலாக நீர் வேண்டும். நாலு லீற்றர் நீர் நாலு கிலோ. அந்நிறைக்கு இடங்கொடுக்க, வேறொன்றை வீட்டில் விட்டே புறப்படவேண்டும்.

முதன்முறை சென்றபோது யான் இக்கணக்கைப் பார்த்திலேன். புதுப்பை, மூன்று வேட்டி, இரண்டு நூல், பெரியதொரு டோர்ச் லைற்று. நீருக்கோ ஒரே போத்தல். கும்புக்கன் ஆற்றைக் கடந்த மறுநாள் முற்பகலிலே அது வெறிதாயிற்று. நாவுலர்ந்து, பாலைமர நிழலிற் சாய்ந்துவிட்டேன். வெருகற்பக்கத்து மூதாட்டி ஒருவர் தம் போத்தலை நீட்டி, "குடியுங்க சாமி, எனக்கு வேறே இருக்கு" என்றார். குடித்தேன். அந்தியில் நீர்நிலையை அடைந்தபோதே அவரிடம் வேறு போத்தல் இல்லாமையைக் கண்டேன். பகல் முழுவதும் அவர் நீரின்றி நடந்திருக்கிறார்! அவ்விரு நூல்களிலும் ஒரு பக்கந்தானும் யான் படித்திலேன்.

மறுமுறை நான்கு போத்தல் கொண்டுசென்றேன்; ஒன்று பிறர்க்கென்றே வைத்தது. வெறும் போத்தல்களைக் காட்டில் எறியாது திருப்பிக் கொணர்ந்தேன். வேட்டி ஒன்றே. காலைப் பற்றியும் ஒரு சொல்: வெறுங்காலுடன் நடக்க நேர்ந்தோர் ஒரு மாதம் முன்னரே மணலில் நடந்து பழகுக, செருப்பணிவோர் பழஞ்செருப்பையே அணிக. வைகறையிற் புறப்பட்டு, மணல் சுடுமுன் நிழல் சேர்தல் நன்று. இரவிற் காலுக்கு நல்லெண்ணெய் பூசுக. முள்வாங்க ஓர் ஊசியைச் சட்டைப்பையிற் குத்திவைக்க. பொட்டளிக்குள் வைத்தால் இருட்டில் அகப்படாது.