மைக்ரோமீட்டரில் விட்டுப்போன அரை மில்லி

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட். இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., மூலையில் பழைய கியர் லேத் ஒன்று. வேலை கேட்டு வந்த பி.இ. மெக்கானிக்கல் பையனிடம் ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். கவனமாகத்தான் பார்த்தான். "24.48 சார்" என்றான். பக்கத்து மெஷினில் நின்ற ஐ.டி.ஐ. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஷாஃப்டின் அளவு 24.98. மைக்ரோமீட்டரின் திம்பிளில் ஐம்பது பிரிவுகள். ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லி. 24ஐத் தாண்டி ஓர் அரை மில்லி கோடு எட்டிப் பார்க்கும். அதைக் கூட்டாமல் விட்டால் கணக்கு இப்படித்தான் போகும். இது அவன் பாடத்திலும் இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பான். கையில் பிடித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் கதை திரும்பியது. வாடிக்கையாளர் கம்பெனி இருநூறு பீஸைத் திருப்பி அனுப்பி, என்ன தவறு, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று மாலைக்குள் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் கேட்டது. சிரித்த பையனுக்குக் காரணம் துல்லியமாகத் தெரியும். வெட்டும் இன்சர்ட் தேய்ந்திருக்கிறது, நைட் ஷிப்டில் யாரும் அதற்கேற்ற ஆஃப்செட் திருத்தம் கொடுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பி.இ. பையன் அவனிடம் கேட்டுக் கேட்டு இருபது நிமிடத்தில் படிவத்தை நிரப்பினான். அன்றைக்கே பி.இ. பையனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இருவருக்கும் வயது 22. சம்பளம் அதிகம் வாங்குவது ஐ.டி.ஐ. பையன்தான். அவனுக்கு நான்கு வருட சர்வீஸ்.

அந்த ஷெட்டை நடத்துகிறவர்தான் இதை எழுதுகிறவர். மே, ஜூன் வந்தால் தண்ணீர்குளம், புட்லூர், செவ்வாப்பேட்டைப் பக்கத்துப் பெற்றோர் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ரெண்டு வருஷப் படிப்பா, நாலு வருஷமா? எதுப்பா காசு?" அவர் இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஒன்றில் தேறினார், மற்றொன்றில் ஏமாந்தார்.

முதலில் இந்த 'ரெண்டு' எது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எடுத்தால் இரண்டு வருடம், வெல்டருக்கு ஒன்று. பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் மூன்று வருட டிப்ளமோவும் இரண்டு வருடத்தில் முடியும். அதே டிப்ளமோவைக் காட்டி பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் குறைந்த செலவில் படித்துவிட்டு மீதியைப் பெரிய பல்கலைக்கழகத்தில் முடிக்கிறார்களே, ஏறக்குறைய அதே ஏணி இங்கேயும் உண்டு. காக்களூரில் பலருக்கு அது தெரிவதே முப்பது வயதுக்கு மேல்தான்.

இனி காசுக் கணக்கு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், ஐ.டி.ஐ.யும் அதில் அடக்கம். பி.இ. பக்கம், 2017இல் நிர்ணயித்த கட்டணப்படி சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கே ஆண்டுக்கு 50,000. தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீடு என்றால் 85,000 முதல். பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம் தனி.

ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு வயது 18. ஒரு வருடம் அப்ரண்டிஸ். 2019இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை 7,000. அடுத்த மூன்று வருடம் மாதம் 15,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆக 6,24,000 ரூபாய். அதே நான்கு வருடத்தில் பி.இ. பையன் கட்டணமாக மட்டும் 2,20,000 கட்டியிருப்பான். 22 வயதில் இருவருக்கும் இடைவெளி 8,44,000. பி.இ. பையனுக்கு மாதம் 5,000 கூடக் கிடைத்தாலும் அதை ஈடுகட்டப் பதினான்கு வருடம் ஆகும்.

இதைக் கேட்டதும் பெற்றோர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அங்கேயே நிறுத்திவிட்டால் பாதிப் பொய் சொன்னதாகிவிடும். ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. தகுதியில் சேரும் டெக்னீஷியனுக்கும் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900. டிப்ளமோ கேட்கும் ஜூனியர் இன்ஜினீயருக்கு 35,400. மாதத்துக்கு 15,500 வித்தியாசம். இந்த வாசலில் நுழைந்தவருக்கு அந்த எட்டு லட்சத்துச் சொச்சம் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். இதில் பலர் கவனிக்காதது, அந்த வாசலுக்கு நான்கு வருடப் பட்டம் கட்டாயமில்லை, டிப்ளமோ போதும் என்பது.

1998இல் அம்பத்தூர்ப் பக்கம் டர்னர் முடித்துவிட்டு இதை எழுதுகிறவர் காக்களூருக்கு வந்தபோது மாதச் சம்பளம் 1,500. திருவள்ளூரை ஒட்டிய கார் தொழிற்சாலையில் லான்சர் தயாரிப்பு தொடங்கிய வருடம் அது. டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. கூடப் படித்த நண்பர் பிளஸ் டூ போய், பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்து 2002இல் வெளியே வந்தார். அப்போது எங்கும் வேலை இல்லை. ஒன்றரை வருடம் இதே பேட்டையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக, டர்னரைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. அடுத்த ஐந்து வருடத்தில் அவர் வாங்கியதை டர்னர் இன்றுவரை வாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் கணக்குப் பலருக்குக் குழம்புகிறது. நண்பருக்குச் சம்பளம் கொடுத்தது மெக்கானிக்கல் படிப்பல்ல, ஏதோ ஒரு பி.இ. இருக்கிறது என்ற தகுதி. இந்தத் தலைமுறையில் நான்கு வருடப் பட்டம் பலன் தந்தது பெரும்பாலும் காக்களூரை விட்டுப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனவர்களுக்குத்தான். பட்டத்தோடு பேட்டையிலேயே தங்கியவர், மெஷினைச் செட் செய்கிற நல்ல செட்டரின் சம்பளத்தைத் தொடவே திணறினார். ஆகவே பெற்றோரிடம் இதை எழுதுகிறவர் முதலில் கேட்பது, "பையன் எங்க வேலை பாக்கணும்னு நெனைக்கிறான்?" என்பது. மெஷின் பக்கமே பிடிக்காத பையனை, ஐ.டி.ஐ. மலிவு என்பதற்காகச் சேர்த்துவிடுவது இரண்டு வருடத்தை வீணாக்கும் வழி.

மெஷின் பிடித்த பையனுக்கு வேறு ஆபத்து. முதல் மூன்று மாதத்தில் ஜாப்பை மாட்டுவான், பட்டனை அழுத்துவான், கழற்றுவான், பிசிறு எடுப்பான். ஓ.டி. காசு கையில் புரளும். அதிலேயே ஐந்து வருடம் ஓடிவிடும். ஆபரேட்டர் என்றால் அவ்வளவுதான். அவன் இடத்துக்கு நாளைக்கே வேறொருவர் வருவார். செட்டர் வேறு ஜாதி. சக்கில் சாஃப்ட் ஜாவைக் கடைந்து, டூல் ஒவ்வொன்றையும் தொடவைத்து ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸைப் பத்து மைக்ரானுக்குள் கொண்டுவந்து அளந்து கையெழுத்துப் போடுகிறவர் அவர். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் சீனியர் செட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வித்தை இது, எந்த ஐ.டி.ஐ.யும் முழுதாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புது மெஷின்கள் போட்டிருக்கிறது. அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்குத் திரையைக் கண்டால் பயமில்லை. பழைய ஆட்களுக்கு ஒரு வருடம் பிடித்தது இவர்களுக்கு நாலு மாதம்.

அப்ரண்டிஸ்ஷிப்பையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள்தான் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். காக்களூரின் சின்ன ஷெட்டுகளுக்குக் கட்டாயமில்லை. அதனால் சம்பளம் இரண்டாயிரம் கூட என்று நேராக ஷெட்டுக்கு வருகிறவர்களுக்கு தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்காமல் போகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற ரயில்வே இடங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒரு வருடத்தை விட்டவர்களில் இதை எழுதுகிறவரும் ஒருவர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நிலவரம் கொஞ்சம் வேறு. உருட்டாலைகளில் உடலுழைப்பு வேலைக்குப் பெரும்பாலும் ஒடிசா, பீகார் ஆட்கள், கான்ட்ராக்டில். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிலையான இடம் மெயின்டனன்ஸ். அங்கே டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்து, அனுபவம் சேர்த்து, மின் மேற்பார்வைக்கான 'சி' லைசென்ஸ் எடுத்தவரின் மதிப்பைப் புது பி.இ. எட்டிப் பிடிக்க நாளாகும்.

ஏமாந்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடம் வேலை பார்த்த பிறகு, ஒரு பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர் இடம் காலியானது. கை இருக்கிறது, டிப்ளமோ இல்லை என்று சொல்லி, இவர் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்கே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அந்த ரோஷத்தில் தபால்வழி பி.இ. நடத்திய ஒரு மையத்தில் பணம் கட்டினார். இரண்டு வருடச் சேமிப்பு போனது. 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உரிய ஒப்புதல் இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேலையோடு எழுதும் ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியியல் தேர்வைப் படித்தவர்களுக்கும் ஒரு கோடு உண்டு: 2013 மே 31க்குள் பதிவு செய்திருந்தால்தான் மத்திய அரசு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்கும். வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர், ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் அந்தக் கல்லூரிக்கும், அந்தப் பாடப்பிரிவுக்கும், அந்த வருடத்துக்கும் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். 'ஆர்டர் வந்துடும் சார்' என்கிற வார்த்தையை நம்பி இவர் கட்டிய பணத்துக்கு ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் படித்துவிட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். குழந்தை பிறந்த பிறகு, நைட் ஷிப்ட் முடித்துவிட்டு இன்ஜினீயரிங் மேத்ஸ் போடுவது நடக்காத காரியம். போட்டுப் பார்த்தவர் சொல்கிறார்.

அன்று சிரித்த ஐ.டி.ஐ. பையன் போன மாதம் ஒரு படிவத்தோடு வந்து நின்றான். சென்னையில் பகுதிநேர டிப்ளமோ. மாலை வகுப்பு. திருவள்ளூரில் லோக்கல் பிடித்து, பார்க் டவுனில் வண்டி மாறி, போக மட்டும் இரண்டு மணி நேரம். ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய பக்கங்களை பி.இ. பையன் நிரப்பிக் கொடுத்திருந்தான். பதிலுக்கு அவனுக்கு டூல் ஆஃப்செட் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"பரீட்சை நாள்ல ஷிப்ட் மாத்திக் குடுப்பீங்களா சார்?"

"எந்த ஷிப்ட் வேணும்?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் சார். ஆறு மணிக்கே வந்துடுறேன். ரெண்டரை மணி வண்டியப் புடிக்கணும்."