கணினி ஆன் ஆகவில்லையா? கோப்புகள் போகவில்லை!

கணினி ஆன் ஆகாத முதல் ஒரு மணி நேரத்தில், பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் பலர் தங்கள் கோப்புகளை இழக்கிறார்கள். அந்தப் பதற்றத்துக்குக் காரணமான சில தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நீலத்திரை வந்து நின்றுவிட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போச்சு.

உண்மை: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் முடங்கின. விமானங்கள்கூட ரத்தாயின. ஆனால் கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. சேஃப் மோடில் நுழைந்து, பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணினிகள் மீண்டும் இயங்கின. டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்த கணினிகளில் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திணறினார்கள். பல புதிய லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. உங்கள் சாவியை இன்றே தாளில் எழுதி வையுங்கள்.

நம்பிக்கை: ஃபார்மேட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: கோளாறு ரேமிலோ பவர் சப்ளையிலோ இருந்தால் ஃபார்மேட்டால் எந்தப் பயனும் இல்லை, கோப்புகள்தான் போகும். முதலில் லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்தோ, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோ கோப்புகளை நகலெடுங்கள். ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று ஓசை எழுப்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் சேதம் கூடும்.

நம்பிக்கை: எல்லாம் கிளவுடில் சிங்க் ஆகிறது, தனியாக பேக்கப் எதற்கு?

உண்மை: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வைரஸ் சிதைத்த கோப்பும் அப்படியே மேலேறும். சிங்கில் சேராத வெளி டிஸ்க் ஒன்றிலும் நகல் வேண்டும்.

நம்பிக்கை: பேக்கப் தினமும் ஓடுகிறது, கவலையில்லை.

உண்மை: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அதற்கான இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாரையும் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போயே போயின.

பேக்கப் ‘முடிந்தது’ என்ற செய்தியை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு புகைப்படம், ஒரு ஆவணம், ஒரு கணக்குக் கோப்பு ஆகியவற்றை வேறொரு கணினிக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் மட்டுமே பேக்கப்பை நம்பலாம்.