எறும்பின் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் தேவை

டுரியான் துங்கால் பக்கம், செம்பனைத் தோட்டத்து வீடானாலும் புதிய தாமான் வீடானாலும், எறும்பு வராத சமையலறை கிடையாது. வந்தால் ஒரு டின் ஸ்பிரே வாங்கி அடித்துவிடுகிறோம். அது என்ன எறும்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்களும் நம்மவர்களில் மிகக் குறைவு. அந்தப் பதிலைச் சொல்வது ஒரு தொழில். எஸ்.பி.எம். எழுதிவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளும், ஏற்கெனவே பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் தெரியாமல் மருந்தடித்தால் என்ன ஆகும்? மருத்துவமனைச் சுவர்களில் குடியிருக்கும் ஃபாரோ எறும்பைப் பாருங்கள். அதன் மேல் ஸ்பிரே அடித்தால் கூடு சாவதில்லை. ராணிகளும் வேலைக்கார எறும்புகளும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போய்ப் புதுக் கூடுகள் வைக்கும். ஒரு அறையில் இருந்த தொல்லை நான்கு அறைக்குப் பரவும். அதற்கு மெதுவாக வேலை செய்யும் இரை மருந்துதான் சரி. அடையாளம் காணத் தெரிந்தவரால்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

பழகுவதற்கு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஓர் எறும்பை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள். தொந்தரவு செய்தால் திசை தெரியாததுபோல் தாறுமாறாக ஓடும். மஞ்சள் கிறுக்கு எறும்பு என்பார்கள். அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ்.

நிறத்தையும் ஓட்டத்தையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லென்ஸின் கீழ் முதலில் இடுப்பைப் பாருங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணு இருக்கிறதா, இரண்டா? இதற்கு ஒன்று. அடுத்து வயிற்றின் நுனி: கொடுக்கு இருக்காது, மயிர் சூழ்ந்த ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். அதன் வழியாகத்தான் அமிலத்தைப் பீய்ச்சும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஃபார்மிசினே துணைக்குடும்பம். பிறகு உணர்கொம்பின் துண்டுகளை எண்ணுங்கள். மஞ்சள் கிறுக்கு எறும்புக்கு 11. நம் வீடுகளில் அதேபோல் தாறுமாறாக ஓடும் கறுப்பு எறும்புக்கு 12. மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்காவுக்கும் 12. உணர்கொம்பின் முதல் துண்டு தலையைவிட மிக நீளமாக இருப்பதையும், வேலைக்கார எறும்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதையும் சரிபார்த்துவிட்டால் பெயரை எழுதலாம். எண்ணும் பொறுமைதான் இந்தத் தொழிலின் முதல் தகுதி என்பேன். மதிப்பெண் பிறகுதான்.

இந்த எறும்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. அனோப்லோலெபிஸ் பேரினத்தின் மற்ற இனங்கள் வாழ்வது ஆப்பிரிக்காவில். உறவெல்லாம் அங்கே இருப்பதால் இதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் எழுதினார்கள். ஆசியாவே தாயகம் என்று வாதிடுபவர்களும் உண்டு. உறவுமுறை ஒன்று, பிறந்த ஊர் வேறு. வகைப்படுத்தும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெயரின் கதை நம்மைத் தொட்டுக்கொண்டு போகிறது. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851-இல் வெளியிட்டபோது இதற்கு ‘லாஞ்சிபெஸ்’ என்று பெயரிட்டார். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறோர் எறும்புக்குச் சூட்டப்பட்டிருந்ததால் நிற்கவில்லை. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரில் பூச்சிகள் சேகரித்தார். அதே ஆண்டு மலாக்காவுக்கு வந்து ஆயர் பானாஸில் தங்கி, லேடாங் மலை ஏறியும் சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை ஃபிரெடரிக் ஸ்மித் லண்டனில் ஆராய்ந்து 1857-இல் வெளியிட்டார். சிங்கப்பூரில் கிடைத்த மாதிரிக்கு அவர் வைத்த ‘கிராசிலிபெஸ்’தான் இன்று நிற்கிறது. லேடாங் மலையும் மலாக்காவும் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே உண்டு. உலக எறும்பியலின் அடிப்படை ஆவணம் ஒன்றில் நம் வட்டாரம் இருக்கிறது. அதை வாசிக்க நம் பிள்ளைகளில் ஒருவராவது வர வேண்டும் என்பது என் ஆசை.

இந்த எறும்பு பெருகினால் என்ன செய்யும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலைக் கிராமங்கள் 2022-இல் பார்த்தன. ஆடு மாடுகளின் கண்ணில் அமிலம் பட்டது. மேய்ப்பவர்களும் மலைப்பக்கம் போகத் தயங்கினார்கள். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கும் மேற்பட்ட சிவப்பு நண்டுகள் மடிந்தன. அங்கே எறும்புக்குத் தீனி கொடுத்தது மரத்தில் ஒட்டிக்கொண்டு இனிப்பு நீர் சுரக்கும் ஒரு செதில் பூச்சி. ஆய்வாளர்கள் அந்தப் பூச்சியைச் சரியாக அடையாளம் கண்டு, அதன் எதிரியைத் தேடினார்கள். அது மலேசியாவில் கிடைத்தது: 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குளவி. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்த பின், 2016 டிசம்பரில் அது தீவில் விடப்பட்டது. எறும்பு, செதில் பூச்சி, குளவி என்று மூன்றுக்கும் சரியான பெயர் கிடைத்ததால் நடந்த காரியம் அது.

மஞ்சள் கிறுக்கு எறும்பைப் போலன்றி, ஐயமின்றி ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்ததாக ஏற்கப்பட்ட எறும்பு ஒன்றும் நம் நகரங்களில் உண்டு: பெருந்தலை எறும்பு, ஃபெய்டோலே மெகாசெஃபாலா. மொரீஷியஸ் மாதிரியை வைத்து ஃபாப்ரிசியஸ் 1793-இல் பெயரிட்டார். இடுப்பில் இரண்டு கணு, உணர்கொம்பில் 12 துண்டு, சிறிய வேலைக்கார எறும்புகளோடு பெரிய தலையுள்ள சிப்பாய் எறும்புகள். இதில் கவனம் தேவை. மலேசியக் காடுகளுக்கே உரிய ஃபெய்டோலே இனங்கள் பல உள்ளன. பெரிய தலையைப் பார்த்ததும் அயல் எறும்பு என்று எழுதிவிடக் கூடாது. இரண்டாம் கணுவின் அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கென்யாவில் இந்த எறும்பு புகுந்து, வேல மரங்களைக் காத்த உள்ளூர் எறும்புகளை அழித்தது. காவல் போனதும் யானைகள் மரங்களை முறித்தன. மறைவிடம் குறைந்ததால் சிங்கங்கள் வரிக்குதிரையை விட்டு எருமையை வேட்டையாடத் தொடங்கின. 2024 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வந்தது.

சரி, வேலை எங்கே?

மிக அருகில் இருப்பது பெஸ்ட் கன்ட்ரோல். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 2004-இல் வந்த விதிகளின்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். பம்பு தூக்கும் ஆளாகவே இருந்துவிடாதீர்கள். எறும்பு, கரையான், கரப்பான் இனங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கப் பழகி, தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சரக்கைச் சோதிக்கும் தனிமைப்படுத்தல் பணியிலும் விவசாயத் துறையிலும் இதே அறிவு கேட்கப்படுகிறது. தோட்டங்களிலும் தேவை இருக்கிறது: செம்பனை இலையைத் தின்னும் பேக்வோர்ம் புழுவைக் கெரெங்கா பிடித்துத் தின்னும். கடிக்கிறதே என்று அதை மருந்தடித்துக் கொல்பவர் தோட்டத்துக்கு நட்டம் உண்டாக்குகிறார்.

ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் உயிரியல் எடுங்கள். பிறகு உயிரியலிலோ விவசாய அறிவியலிலோ பட்டம். பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் பூச்சி வகைப்பாட்டுக்கென்றே மையம் இருக்கிறது. சபா பல்கலைக்கழகத்திலும் பூச்சித் தொகுப்பு உண்டு. நிரந்தரப் பதவிகள் குறைவு, ஒப்பந்த வேலைதான் முதலில் கிடைக்கும் என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சேருங்கள். கணினிப் பக்கம் சாய்பவர்களுக்கு டுரியான் துங்காலிலேயே மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படத்தைப் பார்த்து எறும்பைப் பிரித்துச் சொல்லக் கணினிக்குக் கற்பிப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மூடியுள்ள சிறு குப்பிகள், 95 விழுக்காடு எத்தனால், கைப்பேசியில் மாட்டும் லென்ஸ் போதும். ஒரு குப்பியில் ஒரே கூட்டின் எறும்புகளை மட்டும் போடுங்கள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர், மண்ணிலா மரத்திலா சமையலறையிலா என்ற விவரம், நான்கையும் சிறு தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். விவரச் சீட்டு இல்லாத மாதிரியை எந்த அருங்காட்சியகமும் மதிக்காது. உங்கள் படத்தை ஆன்ட்வெப் தளத்தின் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டுக் கேளுங்கள். காப்புக்காடுகளில் மட்டும் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

எறும்பினங்கள் 14,000-க்கு மேல் பெயரிடப்பட்டுவிட்டன. பெயரில்லாதவை இன்னும் எவ்வளவோ. வருகிற பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுச் சமையலறை எறும்பிலிருந்து தொடங்குங்கள்.